நம்பிக்கை போன பிறகும் பாட்டுப் பாடினவர்

முதலிலேயே சொல்லிடறேன், கொஞ்சம் நீளமான பதிவு இது. காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. (இந்தப் பதிவில் வருகிறவர்களின் மதத்தில் ரெண்டுக்கும் தடை. சாராயம், சிகரெட்டோடு சேர்த்து காபி, டீயையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். பாவம் :-))

மார்மன்கள் பற்றி நம்ம பக்கம் பேச்சு வந்தால் ரெண்டே விஷயம்தான் வரும். ஒண்ணு பலதார மணம். இன்னொண்ணு வெள்ளைச் சட்டை, டை கட்டிக்கிட்டு ஜோடி ஜோடியாகக் கதவு தட்டும் பையன்கள். பலதார மணத்தைக் கைவிடுவதாக அந்தச் சபை 1890லேயே அறிவித்துவிட்டது. பையன்கள் இன்னும் கதவு தட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு இந்த ரெண்டிலும் பெரிய சுவாரசியம் கிடையாது. என்னை விடாமல் படிக்க வைத்தது வேறு ஒரு கூட்டம். உள்ளுக்குள்ளே நம்பிக்கை தேய்ந்து போன பிறகும், அல்லது பெரிய கேள்விகள் முளைத்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபையில் போய் உட்கார்ந்தவர்கள். அவர்களில் சிலரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காக முன்கதை, சுருக்கமாக. 1820களில் நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜோசப் ஸ்மித் என்று ஒரு விவசாயி வீட்டுப் பையன் இருந்தார். மரோனி என்கிற தேவதூதர் தோன்றி, பக்கத்துக் குன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகளைக் காட்டினார், அதிலிருந்ததைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்தேன் என்றார் அவர். 1830ல் அது 'மார்மன் புத்தகம்' என்று அச்சாகி வந்தது. கி.மு. 600 வாக்கில் லேஹி என்பவர் குடும்பத்தோடு ஜெருசலேமை விட்டுக் கிளம்பிக் கப்பலேறி அமெரிக்கக் கண்டத்துக்கு வந்து சேர்கிறார். அவருடைய வம்சம் நேபியர், லாமானியர் என்று ரெண்டாகப் பிரிந்து ஆயிரம் வருஷம் அடித்துக்கொள்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் வந்து போகிறார். கடைசியில் நேபியர் அழிந்து லாமானியர் மிஞ்சுகிறார்கள். இதுதான் அதன் கதை. ஸ்மித்தை 1844ல் இல்லினாய் மாநிலத்தில் கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் பெரும்பகுதி ஜனங்களைக் கூட்டிக்கிட்டு மேற்கே போய், 1847ல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இறங்கினார். அதுதான் இன்றைய யூட்டா.

மத்த பெரிய மதங்களின் தொடக்கமெல்லாம் ஆயிரம், ரெண்டாயிரம் வருஷ மூட்டத்துக்குள் இருக்கு. இவங்களுடையது அச்சு இயந்திரம், செய்தித்தாள், கோர்ட்டுப் பதிவு எல்லாம் வந்த பிறகு பிறந்த மதம். போதாததற்கு அதன் வேதமே 'இந்தக் கண்டத்தில் இன்னார் வாழ்ந்தார்கள், குதிரை வைத்திருந்தார்கள், எஃகு வாள் செய்தார்கள்' என்று தோண்டிப் பார்க்கக்கூடிய விஷயங்களைச் சொல்கிறது. கடப்பாரையும் கையுமாக ஒருத்தன் கிளம்பினால் போதும், வம்புதான்.

அப்படி ஒருத்தர் கிளம்பினார். அவர் கதைக்குப் போகுமுன் இன்னும் ஒண்ணு சொல்லணும். சந்தேகம் வந்தால் விட்டுட்டுப் போகவேண்டியதுதானே என்று நமக்குத் தோணும். அது அவ்வளவு சுலபமில்லை. இந்தச் சபையின் வட்டாரக் கிளையில் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. உங்க தெருப் பல் டாக்டர் சில வருஷம் பிஷப்பாக இருப்பார், அப்புறம் ஒரு கணக்கர். ஆளுக்கு ஒரு வேலை கொடுத்திருப்பார்கள். ஒருத்தர் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பார், ஒருத்தர் பியானோ வாசிப்பார், ஒருத்தர் நாற்காலி அடுக்குவார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். கோயிலுக்குள் போக (ஞாயிறு கூடும் கட்டடம் வேறு, கோயில் வேறு) அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு ஒரு நேர்காணல். ஸ்தாபகர் மேலும் இன்றைய தீர்க்கதரிசி மேலும் உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று நேருக்கு நேர் கேட்பார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் என்ன என்கிறீர்களா? பெற்ற மகளின் கல்யாணம் கோயிலுக்குள் நடக்கும்போது அப்பன் வெளியே புல்தரையில் நிற்க வேண்டும். வெளியே ஒரு சாதாரணக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மறுநாள் கோயிலுக்குப் போகலாமே என்றால், அமெரிக்காவில் 2019 வரை அதற்கு ஒரு வருஷம் காத்திருக்கணும் என்று விதி. ஊரே ஒரே மதமாக இருக்கும் யூட்டா கிராமத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதோடு மொழியும் ஒரு கட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். நம்ம ஊர் சபைகளில் சொல்லும் சாட்சி மாதிரிதான், ஆனால் வாய்ப்பாடு வேறு. 'நம்புகிறேன்' என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். 'இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும்' என்பார்கள். மூணு வயசுக் குழந்தையை மைக் முன்னால் தூக்கிப் பிடித்து அம்மா காதில் சொல்லிக் கொடுக்க, அதுவும் 'எனக்குத் தெரியும்' என்று மழலையில் சொல்லும். தெரியும் என்று சொல்லியே வளர்ந்தவனுக்கு, தெரியாது என்று சொல்ல வாய் வருவது சிரமம். 'நம்ப ஆசைப்படுகிறேன்' என்று சொல்ல அந்தப் பேச்சில் ரொம்ப நாளாக இடமே இல்லை.

சரி, முதல் ஆளுக்கு வருவோம். பிரிகாம் ஹென்றி ராபர்ட்ஸ். 1857ல் இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் வாரிங்டனில் பிறந்தவர். அம்மா முன்னாலேயே யூட்டா போய்விட, 1866ல் ஒன்பது வயதில் அக்காவோடு கடல் தாண்டி வந்து, சமவெளியில் பெரும்பகுதி தூரம் வெறுங்காலால் நடந்தே சால்ட் லேக் வந்து சேர்ந்தார். அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. கொல்லன் பட்டறையில் எடுபிடியாக இருந்து, அப்புறம் படித்து, கல்லூரியில் முதல் மாணவனாக வந்தார். 1884ல் டென்னசி மாநிலத்தில் கேன் க்ரீக் என்ற இடத்தில் ஒரு கும்பல் மார்மன் ஊழியர்கள் ரெண்டு பேரைச் சுட்டுக் கொன்றபோது, முகத்தில் கரியைப் பூசிக்கிட்டு பிச்சைக்காரன் வேஷத்தில் போய்ப் பிணங்களைத் தோண்டியெடுத்து ஊருக்கு அனுப்பியவர் இவர்தான். 1888ல் சபையின் மேல்மட்டக் குழுக்களில் ஒன்றான எழுபதின்மர் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார். மூணு மனைவிகள். அதற்காகச் சிறைக்கும் போனார். 1898ல் அமெரிக்கக் காங்கிரசுக்கு ஜெயித்தார், ஆனால் பலதாரக்காரர் என்று 1900 ஜனவரியில் 268க்கு 50 என்று ஓட்டுப் போட்டு உள்ளே விட மறுத்துட்டாங்க. முதல் உலகப்போரில் அறுபது வயசில் ராணுவ குருவாகப் போனார். மனுஷன் சும்மா இருந்ததே கிடையாது. மார்மன் புத்தகத்துக்கு ஆதரவாக இவர் அளவுக்கு அந்தத் தலைமுறையில் எழுதினவர்கள் குறைவு.

1921ல் ஒரு கடிதம் வந்தது. வாஷிங்டன்காரர் ஒருத்தர் மார்மன் புத்தகத்தைப் படித்துவிட்டு ஐந்து கேள்வி கேட்டிருந்தார். லேஹி குடும்பம் வந்து ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம்தான் ஆச்சு என்றால், அமெரிக்கப் பழங்குடிகளிடம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை மொழிகள் எப்படி வந்தன? கொலம்பஸ் காலத்துக்கு முன் அங்கே குதிரை ஏது? எஃகு ஏது? வளைந்த வாள் ஏது? பட்டு ஏது? இந்தக் கடிதம் ஜேம்ஸ் டால்மேஜ் என்கிற அப்போஸ்தலரிடம் வந்து, அவர் வழியாக ராபர்ட்ஸ் மேசைக்கு வந்தது. இதுக்குப் பதில் சொல்ல இவரை விட்டால் ஆள் ஏது என்று நினைத்திருப்பார்கள்.

ராபர்ட்ஸ் உட்கார்ந்து படிக்கிறார். அன்றைய மொழியியல், தொல்லியல் புத்தகங்களை எல்லாம் புரட்டுகிறார். படிக்கப் படிக்கப் பதில் கிடைக்கவில்லை, கேள்விதான் கனத்தது. 141 பக்கத்துக்கு 'மார்மன் புத்தகச் சிக்கல்கள்' என்று ஒரு அறிக்கை தயார் பண்ணி, சபைத் தலைவர் ஹீபர் கிராண்டிடம் நேரம் கேட்டார். 1922 ஜனவரி 4, 5 தேதிகளில் தலைவரும் பன்னிரண்டு அப்போஸ்தலரும் கூடிய சபையில் பக்கம் பக்கமாக வாசித்தார். அப்போது அவருக்கு வயசு 64. நம்மிடம் பதில் இல்லை, நாளைக்கு நம்ம பிள்ளைகளே இதைக் கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்பதுதான் அவர் வைத்த கேள்வி.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொருத்தராக எழுந்து சாட்சி சொன்னார்கள்! புத்தகம் உண்மை என்று எனக்குத் தெரியும் என்று.

எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் அந்த அறையில் கிழவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தோணும். நெருப்புப் பிடிச்சிருக்கு என்று சொல்ல வந்தவனிடம் வீடு ரொம்ப நல்ல வீடு என்று சொன்ன மாதிரி. சில நாளில் கிராண்டுக்கு ஏமாற்றத்தோடு கடிதம் எழுதினார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை. ஈத்தன் ஸ்மித் என்ற போதகர் 1823ல் வெர்மான்ட் மாநிலம் பவுல்ட்னியில் வெளியிட்ட ஒரு புத்தகம் இருக்கு. அமெரிக்கப் பழங்குடிகள் இஸ்ரேலியரின் வாரிசுகள் என்பதுதான் அதன் வாதம். (பேரில் ஸ்மித் இருந்தாலும் ஜோசப்புக்குச் சொந்தமில்லை.) மார்மன் புத்தகத்தை எழுதி எடுத்த ஆலிவர் கவுடரி அதே பவுல்ட்னியில் வளர்ந்தவர். ராபர்ட்ஸ் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, முன்னதை விடப் பெரிய ஒரு ஆய்வு எழுதினார். இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்யும் திறமை ஜோசப் ஸ்மித்துக்கு இருந்ததா என்று கேட்டு, இருந்தது என்றே பதில் சொல்கிறார். அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

1922லேயே அவரைக் கிழக்கு மாநிலங்களின் ஊழியத் தலைவராக நியூயார்க் அனுப்பினார்கள். அஞ்சு வருஷம் அங்கே இளைஞர்களுக்கு மார்மன் புத்தகத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணப் பயிற்சி கொடுத்தார். 1930ல் சபையின் வரலாற்றை ஆறு பாகமாக வெளியிட்டார். 1933ல், சாகிறதுக்குச் சில மாதம் முன் நடந்த மாநாட்டில்கூட அந்தப் புத்தகத்தை உயர்த்திப் பேசினார். அதே வருஷம் ஆகஸ்டில் தன் பழைய மாணவ ஊழியர் ஒருத்தரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, தங்கத் தகடுகள் ஸ்மித்தின் மனதுக்குள் நிகழ்ந்த அனுபவமாக இருக்கலாம் என்கிற மாதிரி சொன்னதாக அந்த மாணவரின் நாட்குறிப்பு சொல்கிறது. செப்டம்பர் 27ல் போய்ச் சேர்ந்துட்டார். கையெழுத்துப் பிரதிகள் குடும்பத்திடம் இருந்தன. 1985ல்தான் இல்லினாய் பல்கலைக்கழகம் புத்தகமாகப் போட்டது.

உடனே சண்டை. அவர் நம்பிக்கை இழந்துட்டார் என்று ஒரு கட்சி. எதிராளி என்ன கேட்பான் என்று ஒத்திகை பார்த்தார், அவ்வளவுதான், கடைசி வரை விசுவாசி என்று இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் ரெண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும். காலையில் பிரசங்கம் பண்ணினவர்தான் ராத்திரி அந்த ஒப்பீட்டையும் எழுதினார். ஒன்று நடிப்பு, மற்றது நிஜம் என்று பிரிக்கும் ஆசை நம்முடையது. அவர் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, தன் சந்தேகத்தை யாரிடம் சொல்லணுமோ அவர்களிடம் நேரே போய்ச் சொன்னார் என்பது. அவர்கள் கேட்கவில்லை என்பது வேற விஷயம்.

இப்போ கடப்பாரைக்காரர். தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசன். 1915ல் ஐடஹோவில் பிறந்தவர், கலிபோர்னியாவில் வக்கீல். மார்மன் புத்தகத்தில் வரும் ஊர்களை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிவிட முடியும் என்று தீவிரமாக நம்பினார். வேறொருத்தராக இருந்தால் துண்டுப்பிரசுரம் போட்டு ஜல்லியடித்துவிட்டுப் போயிருப்பார். இவர் வக்கீல், சாட்சியம் வேணும். 1946ல் முதல் முறை மெக்சிகோ காட்டுக்குள் போனார். (கூடப் போனவர் ஜே. வில்லார்ட் மாரியட். ஆமா, அந்த ஓட்டல் மாரியட்டேதான்.) 1950ல் மில்டன் ஹண்டர் என்ற சபைத் தலைவரோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். 1952ல் புதிய உலகத் தொல்லியல் அறக்கட்டளை என்று ஒன்றை ஆரம்பித்தார்.

இங்கேதான் அவர் நேர்மையைப் பார்க்கணும். ஆல்ஃபிரட் கிடர் மாதிரி மார்மன் அல்லாத பெரிய தொல்லியலாளர்களை ஆலோசனைக்குக் கூட்டிக்கிட்டார். முறையாகத் தோண்டணும், கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதணும், அறிக்கைகளில் மார்மன் புத்தகத்தை இழுக்கக் கூடாது என்று ஏற்பாடு. சபை 1953ல் 15,000 டாலர் கொடுத்தது, 1955ல் அதைவிடப் பெரிய தொகைக்கு ஒத்துக்கொண்டது. தென் மெக்சிகோவில் சியாபாஸ் பகுதி, கிரிஹால்வா நதிக்கரை, சியாபா டி கோர்சோ. தோண்டினார்கள், வருஷக்கணக்கா தோண்டினார்கள். பத்து வருஷத்துக்குள் ஏதாவது ஒரு எபிரேயக் கல்வெட்டு கிடைத்துவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். பானை ஓடு கிடைத்தது, கல்லறை கிடைத்தது, மாயாவுக்கும் முந்திய ஊர்களின் அடுக்கடுக்கான தடயம் கிடைத்தது. குதிரை எலும்பு, எஃகு வாள், கோதுமை, எபிரேய எழுத்து? ம்ஹூம். 1961ல் அறக்கட்டளையை மார்மன்களின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. அந்த அறக்கட்டளை பதிப்பித்த ஆய்வறிக்கைகள் இல்லாமல் சியாபாஸின் பழைய வரலாற்றை இன்றைக்கு யாரும் எழுத முடியாது. நம்பிக்கையை நிரூபிக்கப் போட்ட காசில் நல்ல விஞ்ஞானம் நடந்துவிட்டது.

இடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1835ல் ஜோசப் ஸ்மித் கூட்டம் ஒரு ஊர்சுற்றிக் காட்சிக்காரரிடமிருந்து 2,400 டாலருக்கு நாலு எகிப்திய மம்மிகளையும் கூட இருந்த பாப்பிரஸ் சுருள்களையும் வாங்கியது. அதிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் 1842ல் 'ஆபிரகாமின் புத்தகம்' என்று வெளியிட்டார். அதுவும் இவர்களுக்கு வேதம். மூலச் சுருள்கள் 1871 சிகாகோ தீயில் எரிந்துபோச்சு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பத்திரமா இருந்திருக்கு! 1967 நவம்பர் 27ல் பதினோரு துண்டுகளைச் சபையிடம் ஒப்படைத்தார்கள். ஃபெர்குசன் புகைப்படங்களை வாங்கி, பெர்க்லியில் எகிப்திய மொழி தெரிந்த பேராசிரியர்களிடம் காட்டினார், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல். பதில் வந்தது: இது இறந்தவர் புத்தகம். பிணத்தோடு வைக்கும் வழக்கமான எகிப்தியச் சடங்கு மந்திரம். ஆபிரகாம் பேரே அதில் இல்லை.

மத்தவங்க இதற்கு விதவிதமாகச் சமாதானம் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். வக்கீலுக்கு அது ஒப்பவில்லை. எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் தங்கத் தகட்டை மட்டும் எப்படிப் படித்தார் என்று அவர் யோசனை போனது. 1975ல் மார்மன் புத்தகத்தின் நிலவியல் பற்றி ஒரு எழுத்துக் கருத்தரங்குக்காக 29 பக்கக் கட்டுரை எழுதினார். செடிகள், விலங்குகள், உலோகங்கள், எழுத்து வகைகள் என்று புத்தகம் சொல்வதை எல்லாம் வரிசையாக எடுத்து, மண்ணில் கிடைத்ததோடு ஒப்பிட்டு, இருக்கிறது, இல்லை என்று குறித்துக்கொண்டே போகிறார். தான் 25 வருஷம் தேடியதன் ஐந்தொகைக் கணக்கு மாதிரி இருக்கும் அது. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதை என்பார்களே, இவருக்குப் பூதம்கூட இல்லை, வெறும் மண்.

இதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். சபையை விடவில்லை. ஞாயிறு போனார். பாடகர் குழுவில் பாடினார். சந்தேகம் வந்து தனக்குக் கடிதம் எழுதினவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதினார். அந்தக் கடிதங்களில் மனுஷன் கையை விரிச்சுட்டார். புத்தகத்தின் ஊர்களை வரைபடத்தில் எங்கேயும் வைக்க முடியாது, அது கற்பனை என்கிறார். கூடவே, இந்தச் சபை ஒரு அருமையான சகோதர சங்கம், இதைவிட நல்லதாக மனுஷனால் ஒன்றைக் கட்டியிருக்க முடியாது, வெளியே போகாதே, பிடித்ததை வைத்துக்கொள், தொண்டையில் இறங்காததை ஓரமாக வை, வாயை மட்டும் திறக்காதே என்கிற அர்த்தத்தில் புத்தி சொல்கிறார்.

இதில் எனக்கு மனசு ரெண்டாகப் பிரிகிறது. அவர் பாடியதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அறுபது வயசு மனுஷன். பெண்டாட்டி, பிள்ளைகள், நண்பர்கள், சின்ன வயசிலிருந்து பாடின பாட்டு எல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கு. உண்மை கண்டுபிடித்ததற்குத் தண்டனையாக இதையெல்லாம் விட்டுட்டுத் தெருவில் நில்லு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அவர் எழுதிய பழைய புத்தகங்கள் அப்போதும் மார்மன் வீட்டு அலமாரிகளில் இருந்தன. ஆதாரம் கிடைத்துவிட்டது, கிடைத்துக்கொண்டே இருக்கிறது என்று அவர் பேரைச் சொல்லி ஊழியப் பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கடிதம் எழுதிக் கேட்டவனுக்கு ஒரு பதில், கேட்கத் தெரியாதவனுக்குப் பழைய புத்தகம். அந்த இரண்டாவது ஆளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தனக்காக மௌனமாக இருப்பது ஒன்று. தன் பேரால் மத்தவன் நம்பிக்கொண்டிருக்கும்போது மௌனமாக இருப்பது வேறு.

1983 மார்ச் 16ல் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் செத்துப்போனார். வயசு 67. கடைசி வரை விசுவாசியாகத்தான் இருந்தார் என்று குடும்பம் சொல்கிறது. கடிதங்கள் வேறு சொல்கின்றன. 1987ல் அவர் பேரையும் சேர்த்துப் போட்டு மார்மன் புத்தகத்துக்கு ஆதரவாக ஒரு புத்தகம் வந்தது. செத்தவர் வந்து மறுப்பு எழுத முடியுமா என்ன.

ஃபெர்குசன் பிறந்த அதே 1915ல் யூட்டாவில் பிறந்தவர் ஃபான் ப்ரோடி. பின்னாளில் சபைத் தலைவரான டேவிட் மெக்கேயின் தம்பி மகள். 1945ல் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, தகடெல்லாம் கட்டுக்கதை என்று பச்சையாகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே சபை நீக்கம். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, விசாரணைக்கே போகவில்லை. துணிச்சல்காரி. ஆனால் அவரால் போக முடிந்தது; கிழக்குக் கடற்கரையில் இருந்தார், கணவர் வேற்று மதம். செயின்ட் ஜார்ஜ் மாதிரி சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்வது வேறு.

செய்தவர் ஒருத்தர் உண்டு. ஜுவானிட்டா ப்ரூக்ஸ், 1898ல் நெவாடா பாலைவனத்தில் ஒரு மார்மன் கிராமத்தில் பிறந்த பள்ளிக்கூட டீச்சர். 1857 செப்டம்பர் 11ல் தென் யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியா போய்க்கொண்டிருந்த வண்டிக்கூட்டத்தில் சுமார் 120 பேரை மார்மன் படையினர் வெள்ளைக்கொடி காட்டி வெளியே வரவைத்துக் கொன்றார்கள். பதினேழு சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டார்கள். பழியைச் செவ்விந்தியர் மேல் போட்டு, இருபது வருஷம் கழித்து ஜான் டி. லீ என்ற ஒரே ஆளைச் சுட்டுத் தண்டித்துக் கணக்கை முடித்தார்கள். ப்ரூக்ஸ் சின்ன வயசு டீச்சராக இருந்தபோது நெபி ஜான்சன் என்ற ஊர்க் கிழவர் தன்னிடம் எழுதச் சொல்லி ஒரு விஷயம் இருக்கு என்றாராம். இவர் போய்ச் சேருகையில் கிழவர் சாகக் கிடந்தார், ரத்தம் ரத்தம் என்று பிதற்றினார். படுகொலையில் இருந்தவர் அவர். ப்ரூக்ஸ் வருஷக்கணக்கா ஆவணம் தேடி, ராத்திரி தட்டச்சு பண்ணி, அக்கம்பக்கத்தார் வந்தால் தாள்கள் மேல் இஸ்திரி போடும் துணிகளைப் போட்டு மூடி, 1950ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஊரார் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சபை நீக்கவும் இல்லை, கூப்பிட்டுப் பாராட்டவும் இல்லை. அவர் ஞாயிறு போய்க்கொண்டே இருந்தார். 1989ல் இறக்கும்வரை மார்மன்தான். 1961ல் லீயை இறப்புக்குப் பின் சபை மறுபடி சேர்த்துக்கொண்டது. படுகொலையின் 150ஆம் ஆண்டான 2007ல் சபையின் சார்பில் அப்போஸ்தலர் ஒருவர் அதே இடத்தில் நின்று வருத்தம் தெரிவித்தார்.

ப்ரூக்ஸ் சந்தேகப்பட்டது வேதத்தை இல்லை, சபை சொன்ன சரித்திரத்தை. ரெண்டும் ஒன்றா என்று கேட்டால், அந்த மதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1967ல் ரிச்சர்ட் போல் என்ற வரலாற்றுப் பேராசிரியர் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ வார்டில் ஒரு பிரசங்கம் செய்தார். மார்மன் புத்தகத்தில் வரும் ரெண்டு பொருளை எடுத்துக்கொண்டார். ஒன்று லேஹியின் கனவில் வரும் இரும்புக் கம்பி, அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தப்பாது. இன்னொன்று லியஹோனா என்ற திசைகாட்டி, வழி காட்டும், ஆனால் எல்லாத்தையும் சொல்லாது. சபையில் கம்பிக்காரர்களும் உண்டு, திசைகாட்டிக்காரர்களும் உண்டு, ரெண்டு பேரும் நல்ல மார்மன்களே என்றார். டயலாக் என்ற பத்திரிகையில் வந்தது. 'எனக்குத் தெரியும்' என்று சொல்ல முடியாதவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி. எல்லாத் தலைவர்களுக்கும் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2013லிருந்து சபையே தன் தளத்தில் சங்கடமான விஷயங்களைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட ஆரம்பித்தது. பாப்பிரஸ் துண்டுகளில் உள்ள எழுத்து ஆபிரகாமின் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதை மார்மன் அறிஞர்களும் ஏற்கிறார்கள் என்று 2014ல் ஒத்துக்கொண்டது. (அப்படியும் அது தெய்வ வாக்குதான் என்று சமாதானமும் உண்டு.) லாமானியர் செவ்விந்தியர்களின் 'பிரதான' முன்னோர் என்றிருந்த முன்னுரை வரியை 2006லேயே 'முன்னோரில் அடங்குவர்' என்று திருத்தினார்கள். ராபர்ட்ஸ் மொழிகளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி ஞாபகமிருக்கா? 84 வருஷம்.

கடைசியா ஒருத்தர். இவர் கதை தலைகீழ். லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன், எழுத்தாளர், பதிப்பாசிரியர். அறிஞர்களையும் பெண்ணியவாதிகளையும் சபைத் தலைமை எப்படி நடத்துகிறது என்று தேதிவாரியாக ஒரு தொகுப்பு எழுதி வெளியிட்டார். 1993 செப்டம்பரில் ஆறு பேர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள், நீக்கப்பட்டவர்களில் இவரும் ஒருத்தர். ராபர்ட்சும் ஃபெர்குசனும் உள்ளே சந்தேகத்தோடு, சீட்டில் உறுப்பினராக இருந்தவர்கள். இவருக்கு நம்பிக்கை இருந்தது, உறுப்பினர் பதவிதான் போச்சு. அடுத்த ஞாயிறே அதே வார்டில், அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்பமும் தண்ணீரும் பரிமாறி வரும்போது எடுக்கக் கூடாது, கூட்டத்தில் எழுந்து ஜெபம் செய்யக் கூடாது. தட்டைப் பக்கத்து ஆளுக்கு நகர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார். வாரா வாரம், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். 2019ல் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உள்ளூர்த் தலைவர்களே பரிந்துரைத்தும் மேலிடம் மறுத்துவிட்டது. அதற்கப்புறமும் போய்க்கொண்டுதான் இருந்தார். 2023 அக்டோபரில் இறந்தார்.